காலி சீட்டுக்கு ஒரு பெல்ட்

டிங்... டிங்... டிங்...

ஓட்டிக்கொண்டிருந்த முதலாளி சட்டென்று திரும்பினார்.

பக்கத்து சீட்டில் யாருமில்லை!

டிங்... டிங்... டிங்...

டாஷ்போர்டில் பெல்ட் மாட்டிய ஒரு குட்டி மனிதன் சிவப்பாக மின்னினான். பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்கிறார், அவர் பெல்ட் போடவில்லை என்று அர்த்தம்.

ஆளா? எந்த ஆள்?

"யாரும் இல்ல... யாருமே இல்ல..." முதலாளி காரிடம் கெஞ்சினார்.

கார் கேட்பதாக இல்லை. டிங்... டிங்... டிங்...

ஏ.சி. முழு வேகத்தில் இருந்தும் அவர் கழுத்து வியர்த்தது. சிக்னலில் வண்டி நின்றதும் பாய்ந்து குனிந்தார். பக்கத்து சீட்டின் பெல்ட்டை இழுத்தார். காலி சீட்டைச் சுற்றிக் கொண்டுவந்து மாட்டினார்.

க்ளிக்!

சத்தம் நின்றது.

பக்கத்தில் ஸ்கூட்டரில் நின்ற பெண், காற்றுக்குப் பெல்ட் போட்டுவிடும் அந்தப் பெரிய மனிதரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதலாளி கண்ணை மூடினார்.

இதே பெல்ட்டை இதே மாதிரி அவர் போன வாரமும் ஒரு தடவை மாட்டியிருக்கிறார்.

அன்றைக்கு சீட் காலியாக இல்லை!

* * *

அதே நேரம்... போலீஸ் ஸ்டேஷனின் பின்கட்டு.

தகரக் கொட்டகைக்கு அடியில், முன்பக்கம் நசுங்கிக் கிடந்தது ஒரு தும்பி.

பயப்படாதீர்கள். தும்பி என்பது காரின் பெயர். கடலுக்கு அப்பால், நேற்றுவரை தையல் மெஷின் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி இன்று கார் செய்கிறது. அதைக் கப்பலில் வரவழைத்து, 'சின்னக் குடும்பத்துக்கும் சொந்தக் கார்!' என்று போஸ்டர் ஒட்டி விற்பவர்தான் நம் முதலாளி.

இந்தத் தும்பிக்குள்தான் மோதல் சோதனைக்கூடத்து இன்ஜினீயர் பிணமாகக் கிடந்தார். குவாரி ரோட்டுச் சரிவு முடிகிற வளைவு. எதிரே கல்சுவர். தூங்கிவிட்டார், மோதிவிட்டார், போய்விட்டார் என்று எழுதி கேஸை மூடிவிட்டார்கள்.

புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு ஒரு கெட்ட பழக்கம். மூடிவைத்த எதையும் திறந்து பார்க்காமல் தூக்கம் வராது.

"ஏட்டய்யா... நேரா சுவத்துல போய் மோதினா அடி எங்க படும்?"

"முன்னாடிதான் மேடம்."

"இவருக்குப் பின்மண்டையில பட்டிருக்கே?"

ஏட்டு யோசித்தார். "ரிவர்ஸ்ல போயிருப்பாரோ?"

இன்ஸ்பெக்டர் முறைத்தாள்.

"சரி, பெட்ரோல் டேங்க் ஏன் காஞ்சு கெடக்கு?"

"எனக்கும் அதே சந்தேகம் வந்துச்சு மேடம். நம்ம ஸ்டேஷன் பசங்களைத்தான் முதல்ல விசாரிச்சேன். சத்தியமா இந்தத் தடவை அவங்க எடுக்கல."

"சேசிஸ் நம்பர்?"

"சுத்தமா அழிஞ்சிருக்கு. கேட்டா, கப்பல்ல வரும்போது உப்புக்காத்து அரிச்சிடுச்சுன்னு முதலாளி சொல்றாரு. மத்த இடமெல்லாம் பளபளன்னு இருக்கு. உப்புக்காத்து நம்பரை மட்டும் தேடிப் பிடிச்சு தின்னுருக்கு!"

அப்போது கொட்டகை வாசலில் ஒரு நிழல் விழுந்தது.

இறந்தவரின் மனைவி.

அவளும் அதே சோதனைக்கூடத்தில்தான் வேலை. மோதல் சோதனைக்காக வண்டிக்குள் உட்காரவைக்கும் மனித பொம்மைகளுக்குக் கழுத்தை முறுக்கி, முட்டியைச் சரிபார்த்து அனுப்புகிறவள். அங்கே எல்லோருக்கும் அவள் 'பொம்மை டாக்டர்'.

"வண்டியைப் பாக்கணும்னு கேட்டிருந்தீங்களே... பாருங்கம்மா. முடியலன்னா வேணாம்," என்றாள் இன்ஸ்பெக்டர்.

"முடியும் மேடம். அவர் கடைசியா இருந்த இடம்."

அவள் உடைந்த ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். ஸ்டீயரிங்கிலிருந்து விரிந்து சுருங்கிய ஏர் பேக், துவைத்துப் போட்ட தலையணை உறை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் கண் அதிலேயே நின்றது.

"அய்யோ...!"

"என்னம்மா? என்ன?"

"மாப்பிள்ளை...!"

"உங்க வீட்டுக்காரரை அப்படித்தான் கூப்பிடுவீங்களா?"

"இல்ல மேடம்... என் பொம்மையை!"

ஏட்டு ஒரு அடி பின்னால் போனார். இன்ஸ்பெக்டர் குனிந்து ஏர் பேக்கைக் கையால் விரித்தாள்.

மேலே நீலம். நடுவில் சிவப்பு. கீழே மஞ்சள். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே, இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட பச்சை நிற மீசை!

துணிக்குள்ளிருந்து ஒரு முகம் அவர்களையே பார்த்தது.

"டெஸ்ட்டுக்கு முன்னாடி பொம்மை முகத்துல ஈரப் பெயின்ட் பூசுவோம் மேடம். நெத்திக்கு நீலம், மூக்குக்கு சிவப்பு, தாடைக்கு மஞ்சள். மோதினதும் ஏர் பேக்ல எந்தக் கலர் எங்க ஒட்டியிருக்குன்னு பாத்தா, தலை எங்க போய் இடிச்சுதுன்னு தெரிஞ்சிடும்."

"பச்சை மீசை?"

"அது... எனக்கும் அவருக்கும் நடுவுல இருந்த விளையாட்டு." அவள் மீசையைப் பார்த்தபடியே சொன்னாள். "அவருக்கு மீசை சரியாவே வளராது. டிரைவர் சீட்டு பொம்மைக்கு மட்டும் நான் ஒரு மீசை வரைஞ்சு, 'உங்களைவிட இந்த மாப்பிள்ளைதான் லட்சணம்'னு வம்பிழுப்பேன். அவர் சிரிச்சுக்கிட்டே வண்டியை மோத விடுற பட்டனை அமுக்குவார்..."

கொட்டகைத் தகரம் காற்றில் படபடத்தது.

"அப்போ இது உங்க லேப்ல மோதின வண்டி!"

"ஆமா மேடம். டெஸ்ட் முடிஞ்சதும் முதலாளி திருப்பி எடுத்துட்டுப் போய்ட்டாரு. சரிவு உச்சியில அவரோட குடோன் இருக்கு. தீப்பிடிக்கக் கூடாதுன்னு மோத விடுறதுக்கு முன்னாடியே பெட்ரோலை வடிச்சிடுவோம். அதான் டேங்க் காலி."

"வெளியில எங்கேயோ ஆளை அடிச்சு, குடோன்ல கெடந்த வண்டியில உக்காரவெச்சு, சரிவுல தள்ளி விட்டிருக்கான்!" ஏட்டு தொடையைத் தட்டினார். "இப்பவே போய் அமுக்கிடலாமா மேடம்?"

"எதை வெச்சு? பெயின்ட் டப்பா இந்தம்மா கையில. 'ஸ்டேஷனுக்கே வந்து பூசிட்டுப் போய்ட்டா'ன்னு அவர் வக்கீல் ஒரே வரியில ஊதித் தள்ளிடுவார்." இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தேய்த்தாள். "ஏன் கொல்லணும்? உங்க வீட்டுக்காரர் தும்பிக்கு நல்ல மார்க்தானே போட்டார்?"

"டெஸ்ட்டுக்கு வந்த வண்டி நிஜமாவே நல்ல வண்டி மேடம். ஆனா அன்னிக்குக் கிளம்பும்போது அவர் பையில ஸ்டீயரிங் கழட்டுற சாமானெல்லாம் இருந்துச்சு. லேப்ல அன்னிக்கு டெஸ்ட்டே கிடையாது. கேட்டேன். 'கடையில விக்கிற தும்பி ஒண்ணை எட்டிப் பாக்கணும், வந்து சொல்றேன்'னார்..."

வரவேயில்லை.

அவள் கைப்பையில் போன் அலறியது. எடுத்தாள். தம்பி!

"அக்கா, சாயங்காலம் ஷோரூமுக்கு வந்துடு. சாவி வாங்கின கையோட பாப்பாவைத் தூக்கிப் போட்டுக்கிட்டு ஒரு ரவுண்டு!"

"டேய், சொல்றதைக் கேளு. அந்த வண்டி வேணாம்டா..."

"திரும்ப ஆரம்பிச்சிட்டியா? மாமா பாத்து சரின்னு சொன்ன வண்டிக்கா! அதை நம்பித்தானே புக் பண்ணேன். அவர் மோதினப்போகூட ஏர் பேக் விரிஞ்சிருக்கு, பேப்பர்லயே போட்டோ வந்துச்சு. நம்ம நேரம் சரியில்ல. அதுக்கு வண்டி என்ன பண்ணும்?"

வைத்துவிட்டான்.

"அவர் பேரை நம்பி ஏறப்போறான் மேடம்..." அவள் போனை இறுகப் பிடித்திருந்தாள். "கைக்குழந்தையோட! அவர் செத்ததுகூட எனக்கு... ஆனா அவர் பேரைக் காட்டி என் வீட்டு ஆளுங்களையே கொல்லப் போறாங்களே!"

"தம்பி கடைசியா என்ன சொன்னார்?"

"மோதினப்போகூட ஏர் பேக் விரிஞ்சிருக்கேன்னு..."

இன்ஸ்பெக்டர் பச்சை மீசையையே பார்த்தாள். மெதுவாகச் சிரித்தாள்.

"அந்த ஸ்டீயரிங் சாமான் இன்னொரு செட் லேப்ல இருக்குமா?"

"இருக்கும்."

"எடுத்துட்டு வாங்க. ஷோரூம்ல சாவி குடுக்குற விழாவுக்குப் போறோம்."

"மேடம், உள்ள என்ன இருக்குன்னு தெரியாம அங்க போய் நிக்கிறதா?" ஏட்டு எச்சில் விழுங்கினார். "ஒண்ணும் இல்லாமப் போச்சுன்னா நம்ம மானம் கப்பலேறிடும்!"

"ஒண்ணும் இல்லாமப் போனா நாம ஜெயிச்சோம் ஏட்டய்யா. ஏதாவது இருந்தாத்தான் ஆபத்து!"

* * *

ஷோரூம் ஜொலித்தது.

வரிசையாக ரிப்பன் கட்டிய தும்பிகள். மேடைமேல், சுற்றிலும் விளக்குகள் கொதிக்க, உள்ளே பாட்டு ஓட, ஒரு சிவப்புத் தும்பி. சாவி வாங்க வந்த குடும்பங்கள் தங்கள் தங்கள் வண்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தன. பொம்மை டாக்டரின் தம்பி ஒரு தோளில் பாப்பாவைச் சாய்த்துக்கொண்டு பானெட்டில் முகம் பார்த்தான்.

மைக்கும் கையுமாக நின்ற முதலாளி காக்கிச் சட்டையைக் கண்டதும் ஒரு கணம் வெளிறினார். பிறகு பல்லைக் காட்டினார்.

"வாங்க வாங்க மேடம்! உங்களுக்கும் ஒரு தும்பியா?"

"ஆசைதான் சார். ஆனா போன வாரம் ஒருத்தர் இதுல செத்துட்டாரே... பயமா இருக்கு."

கூட்டத்தில் சலசலப்பு. முதலாளி மைக்கை வாயருகே கொண்டுபோனார். வியாபாரி அல்லவா!

"எல்லாருக்குமே சொல்றேன். அவர் எனக்கு சகோதரர் மாதிரி. தூக்கக் கலக்கத்துல போய் மோதிட்டார். ஆனா எங்க தும்பி தன் கடமையில தவறல. ஏர் பேக் விரிஞ்சது! ஊரே போட்டோவுல பாத்துச்சு!"

"அது நீங்க கொடுத்த வண்டியா?"

"ஆமா. ஓட்டிப் பாக்கறதுக்காக இந்த ஷோரூம்லேருந்து நான் கொடுத்தது. இங்க நிக்குதே, அச்சு அசல் இதே வண்டி. ஒரு திருகாணிகூட வித்தியாசம் கிடையாது!"

யாரோ கைதட்டினார்கள்.

"அப்போ ஒரு ஸ்டீயரிங்கைத் திறந்து ஏர் பேக்கைக் காட்டிடலாமா? சந்தேகமே தீந்துடும்."

கைதட்டல் நின்றது.

"அதெப்படி மேடம்... புது வண்டி... வாடிக்கையாளர் சம்மதிக்கணும்..."

"நான் சம்மதிக்கிறேன்!" தம்பி முன்னால் வந்தான். "என் வண்டியைத் திறங்க. எங்க மாமா பொய் சொல்லமாட்டார்."

பொம்மை டாக்டர் சாமான்களை எடுத்துவைத்தாள். பானெட்டைத் தூக்கி பேட்டரி வயரைக் கழற்றினாள். கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு தம்பியின் தும்பிக்குள் ஏறி, புருஷன் கடைசியாகச் செய்த அதே வேலையை ஆரம்பித்தாள். ஸ்பேனர் நழுவியது. மறுபடியும் எடுத்தாள்.

'ஏர் பேக்' என்று பெரிதாக எழுதியிருந்த மூடி கையோடு வந்தது.

உள்ளே...

ஒரு துண்டு தெர்மாகோல்!

ஆடாமல் இருக்க அளவாக வெட்டிச் செருகியிருந்தார்கள். அதையும் உருவினாள். அதற்குப் பின்னால் வெறும் ஓட்டை.

"டேய்... இதைத்தான்டா உன் மாமா பாத்திருக்கார்."

தம்பி தோளில் இருந்த பாப்பாவை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். கையிலிருந்த சாவி தரையில் விழுந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"இது... இந்த ஒரு வண்டியில மட்டும் ஏதோ தப்பு..." முதலாளி உளறினார்.

"இன்னொண்ணு திறக்கலாமா?"

முதலாளி அவசரமாகத் தலையை ஆட்டி மறுத்தார்.

"திறக்கமாட்டீங்க. ஏன்னா எல்லாத்துலயும் தெர்மாகோல்தான்! டெஸ்ட்டுக்கு அனுப்பின ஒரே ஒரு வண்டிக்கு நிஜ ஏர் பேக். விக்கிற வண்டிக்கு மூடி மட்டும். சார், இப்போ ஒரு கேள்வி." இன்ஸ்பெக்டர் மேடைப் படியில் கால் வைத்தாள். "ஷோரூம் வண்டியில ஏர் பேக்கே இல்ல. அப்புறம் அவர் செத்துக் கெடந்த வண்டியில எப்படி விரிஞ்சது?"

முதலாளி ஷோரூம் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"அது லேப்ல மோதின வண்டி. அடையாளம் தெரியக் கூடாதுன்னுதான் சேசிஸ் நம்பரை அழிச்சீங்க. உங்க குடோன்ல, உங்க பூட்டுக்குள்ள கெடந்த வண்டி. அதுல அவர் எப்படி வந்து உக்காந்தார்? தும்பிக்கு நல்ல பேர் வரட்டும்னு விரிஞ்ச ஏர் பேக்கை அப்படியே விட்டீங்க. போட்டோ எடுக்கச் சொல்லிப் பேப்பருக்குக் கொடுத்ததும் நீங்க. கொலையிலயும் விளம்பரமா சார்?"

குடும்பங்கள் தங்கள் வண்டிகளைவிட்டுத் தள்ளி நின்றன.

முதலாளி மெல்ல நிமிர்ந்தார். கண்ணில் பழைய திமிர் எட்டிப் பார்த்தது.

"குடோனை எவனோ உடைச்சு எடுத்திருப்பான். நான் இல்ல. மோசடின்னு வேணும்னா கேஸ் போடுங்க, பாத்துக்கறேன். கொலைக்கு சாட்சி இருக்கா? நான் அவனோட இருந்ததைப் பாத்த ஆள் யாராவது..."

டிங்... டிங்... டிங்...

முதலாளியின் வாய் திறந்தபடி நின்றது.

மேடைமேல் சிவப்புத் தும்பி! கதவுகள் மூடியிருந்தன. உள்ளே ஒருவரும் இல்லை. டாஷ்போர்டில் அந்தக் குட்டி மனிதன் மின்னினான்.

டிங்... டிங்... டிங்...

"நிறுத்துங்க..." முதலாளி பின்னால் நகர்ந்தார். "நிறுத்துங்கடா அதை! யாராவது அவனுக்குப் பெல்ட்டைப் போட்டுவிடுங்க!"

"யாருக்கு சார்?" இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினாள்.

"அவனுக்குத்தான்! அந்தா, பக்கத்து சீட்ல... தெரியல உங்களுக்கு? அன்னிக்கும் இப்படித்தான்! என் ரூமுக்கே வந்து கேட்டான், மேஜைமேல இருந்த வெண்கலத் தும்பி சிலையால ஒரே அடி... செத்துட்டான்! என் வண்டியில பக்கத்துல சாய்ச்சு வெச்சேன். மணி அடிச்சுது. அடிச்சுக்கிட்டே இருந்துச்சு... நான்தான் பெல்ட் போட்டுவிட்டேன். தூங்குற மாதிரியே வந்தான்... குடோன் வரைக்கும் என் தோள்ல சாஞ்சுக்கிட்டே வந்தான்..."

அவர் கையில் மைக் இருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் ஷோரூம் முழுக்க எதிரொலித்தது.

ஏட்டு விலங்கை எடுத்தார்.

* * *

ஜீப் போய்விட்டது. குடும்பங்கள் கலைந்துவிட்டன. தும்பிகள் மட்டும் ரிப்பனோடு நின்றன.

"அக்கா... மன்னிச்சுடுக்கா," என்றான் தம்பி.

"பாப்பாவைக் குடுடா," என்று வாங்கிக்கொண்டாள் அவள். குழந்தை அவள் மூக்கைப் பிடித்தது. அவள் அழுதாள். அந்த வாரத்தில் முதல் தடவையாக, நன்றாக அழுதாள்.

இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வந்து நின்றாள். "கடைசி நேரத்துல கலக்கிட்டீங்க. அந்த மணியை எப்படி அடிக்க வெச்சீங்க?"

"நானா? நான் அந்த வண்டிப் பக்கமே போகலையே! நீங்க வெச்ச ஏற்பாடுன்னு நினைச்சேன்..."

இருவரும் ஏட்டைப் பார்த்தார்கள்.

"என்னைப் பாக்காதீங்க மேடம். எனக்கு என் பைக் ஹாரனே ஒழுங்கா அடிக்காது!"

டிங்... டிங்... டிங்...

மேடைமேல் அது இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

ஏட்டின் கை ரோமம் சிலிர்த்தது. பொம்மை டாக்டர் பாப்பாவைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு மேடை ஏறினாள். கதவைத் திறந்தாள். காலி சீட்டில் மெல்லக் கையை வைத்தாள்.

சூடாக இருந்தது! யாரோ இப்போதுதான் எழுந்து போனதைப்போல!

"என்னங்க..." என்றாள் மிக மெதுவாக. "போதும். பாப்பா பத்திரமா இருக்கா."

பெல்ட்டை இழுத்து மாட்டினாள். க்ளிக்! சத்தம் அடங்கியது. இன்ஸ்பெக்டரே ஒரு நிமிடம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அதுவாம்மா?" மூலையில் இத்தனை நேரம் பதுங்கியிருந்த ஷோரூம் மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "சீட்டுக்கு அடியில ஒரு சென்சார் இருக்கு. ஆள் உக்காந்தா கண்டுபிடிக்கிறது. இருக்கிறதுலயே மட்டமான சரக்கு! மேல லைட்டு அடிச்சா போதும், வெயில் பட்டா போதும், சீட்டு சூடாகி அதுபாட்டுக்கு அடிக்கும். முதலாளி ஓட்டுறதையும் சேத்து எல்லா தும்பியிலயும் இதே தொல்லைதான். சொல்லலாம்னு வாயெடுத்தாலே முதலாளி, 'ஓடுற வண்டியைக் குறை சொல்லாதே'ன்னு துரத்திவிட்டுடுவார். ஒருநாள்கூட முழுசாக் கேட்டதில்ல!"

ஏட்டு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"அப்போ பேயையும் அவரேதான் கப்பல்ல ஏத்தி இறக்குமதி பண்ணியிருக்காரா மேடம்!"